தலை எண்ணும் தாத்தாவின் டிஸ்னிலேண்டு டிப்ஸ்!

"ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து... சரி, உள்ளே போகலாம்!"

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் அனாஹைம் நகரம். உலகப் புகழ் பெற்ற டிஸ்னிலேண்டின் வாசலில் நின்றுகொண்டு நான் இப்படி எண்ணியதும், என் பேரன் சரண் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"தாத்தா, நாம மொத்தமே அஞ்சு பேர்தான்! இதுக்குப் போய் எண்ணணுமா?"

உண்மைதான். மகள், மாப்பிள்ளை, பத்து வயது சரண், நான்கு வயது மீனு, அப்புறம் நான். ஐந்தே பேர். ஆனாலும் அன்று இரவு வரை நான் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் ஆயிற்றே! அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2024ல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கிடைத்த வாய்ப்பு இது. "எங்களால் அமெரிக்கா போக முடியுமா, சார்?" என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. மாமா, சித்தி, அக்கா என்று யாராவது அங்கே இருந்தால், ஒரு நாள் உங்களுக்கும் வாய்ப்பு வரலாம். வராவிட்டாலும் பரவாயில்லை. நான் சொல்லப்போகும் பல விஷயங்கள் எந்த ஊர் தீம் பார்க்குக்கும் பொருந்தும். வரும் லீவில் பக்கத்து ஊர் பார்க்குக்குப் போனாலும் உதவும்.

கிளம்பலாமா?

ஆரஞ்சுத் தோப்பில் முளைத்த அதிசயம்

முதலில் கொஞ்சம் கதை. ஓர் இடத்துக்குப் போகும்முன் அதன் கதை தெரிந்தால், பார்ப்பதில் சுவை கூடும்.

மிக்கி மவுஸ் கார்ட்டூன் படங்களால் பெயர் பெற்ற வால்ட் டிஸ்னிக்கு இரண்டு பெண் குழந்தைகள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருக்கும் கிரிஃபித் பூங்காவுக்கு அவர்களை அழைத்துப் போவார். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். "குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இருந்தால் என்ன?" என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

அனாஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பும் வால்நட் தோப்பும் வாங்கப்பட்டன. 1954ம் ஆண்டு ஜூலையில் வேலை தொடங்கியது. ஒரே வருடத்தில், 1955 ஜூலை 17 அன்று, பூங்கா திறக்கப்பட்டது.

முதல் நாள் என்ன ஆனது தெரியுமா? ஒரே அமளிதுமளி! அழைப்பு உள்ளவர்கள் மட்டுமே வர வேண்டிய நாள் அது. ஆனால், யாரோ போலி டிக்கெட் அச்சடித்து விட்டார்கள். கூட்டம் அலைமோதியது. வெயிலோ சுட்டெரித்தது. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் உயரமான செருப்புகள் அதில் சிக்கிக்கொண்டன. அதற்கு முன்பே குழாய் வேலைக்காரர்கள் ஸ்டிரைக் செய்திருந்ததால், எல்லாக் குழாய்களையும் பொருத்த நேரம் போதவில்லை. குடிதண்ணீர்க் குழாயா, கழிப்பறையா... இரண்டில் ஒன்றுதான் முடியும் என்ற நிலை.

நீங்களாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? யோசியுங்கள்.

டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். தாகத்துக்குக் குளிர்பானமாவது வாங்கிக் குடிக்கலாம். கழிப்பறை இல்லாவிட்டால் என்ன செய்வது?

இத்தனை கூத்தும் டி.வி.யில் நேரடியாக ஒளிபரப்பானது. அதைத் தொகுத்து வழங்கியவர்களில் ஒருவர் ரொனால்ட் ரீகன் என்ற நடிகர். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்!

முதல் நாள் சொதப்பினாலும் பூங்கா வெற்றி பெற்றது. ஏழே வாரங்களில் பத்து லட்சம் பேர் வந்து போனார்கள். பிறகு புளோரிடா (1971), டோக்கியோ (1983), பாரிஸ் (1992), ஹாங்காங் (2005), ஷாங்காய் (2016) என்று தம்பி தங்கைப் பூங்காக்கள் பிறந்தன. டிஸ்னி 1966லேயே காலமாகி விட்டார். அவர் கண்ணால் பார்க்கத் திறந்த டிஸ்னி பூங்கா, அனாஹைம் ஒன்றுதான்.

போகும் முன் வீட்டுப்பாடம்

"லீவிலுமா வீட்டுப்பாடம்?" என்று முறைக்காதீர்கள். இது இனிப்பான வீட்டுப்பாடம்.

நாள்: இங்கே டிக்கெட் விலை எல்லா நாளும் ஒன்றல்ல. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் விலையும் அதிகம், கூட்டமும் அதிகம். அங்குள்ள பள்ளிகள் நடக்கும் வார நாள் என்றால் இரண்டும் குறையும். எந்த ஊர் பார்க்குக்கும் இது பொருந்தும்.

வயது: 3 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். 3 முதல் 9 வரை குழந்தை டிக்கெட். 10 வயதிலிருந்து பெரியவர் டிக்கெட்! "இனிமேல் நானும் பெரியவன்!" என்று சரண் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். ஆனால், 14 வயது நிரம்பாதவர்கள் தனியாக உள்ளே போக முடியாது. 14 வயதோ அதற்கு மேலோ உள்ள ஒருவர் கூட வர வேண்டும். "டிக்கெட்டுக்கு மட்டும்தான் பெரியவனா?" என்று சரணின் காலர் இறங்கிவிட்டது.

காலணி: நாள் முழுக்க நடக்க வேண்டும். பழகிய ஷூவைப் போடுங்கள். புது ஷூ கூடவே கூடாது; மதியத்துக்குள் காலைக் கடித்து, நாளையே கெடுத்துவிடும்.

சாப்பாடு: வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாட்டில் கூடாது. ஊரையே கூட்டும் வாசனை உள்ள பதார்த்தமும் கூடாது என்பது விதி. ஆகவே கருவாட்டுக்கு அனுமதி இல்லை! என் மகள் எலுமிச்சைச் சாதமும் சப்பாத்தியும் கட்டி எடுத்து வந்தாள். உள்ளே சாப்பாடு விலை அதிகம். ஐந்து பேருக்கு ஒரு வேளைச் செலவு மிச்சமாவது சின்ன விஷயமா?

தண்ணீர்: உணவுக் கடைகளில் கேட்டால், குளிர்ந்த தண்ணீர் ஒரு கோப்பை இலவசமாகவே தருவார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

உடை: பகலில் வெயில் கொளுத்தும். தொப்பி வேண்டும். அதே ஊரில் இரவு குளிரும். ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும்.

காலை நேரம் தங்கம்!

பூங்கா திறக்கும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே வாசலில் நிற்க வேண்டும் என்றேன். "லீவு நாள்ல ஆறு மணிக்கு எழுந்திருக்கணுமா?" என்று சரண் முனகினான். உடனே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு நாளில் 14 மணி நேரம் உள்ளே இருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு 2 மணி. நடப்பதற்கு 2 மணி. கழிப்பறை, ஓய்வு, கடை எல்லாம் சேர்த்து 1 மணி. மீதி 9 மணி நேரம். அதாவது 540 நிமிடம். ஒரு ரைடுக்கு 40 நிமிடம் க்யூ, 5 நிமிடம் சவாரி என்றால், ஒன்றுக்கு 45 நிமிடம். 540ஐ 45ஆல் வகுத்தால் 12. ஆக, 12 ரைடு போகலாம். சவாரி நேரம் மொத்தம் எவ்வளவு? 12ஐ 5ஆல் பெருக்கினால் 60 நிமிடம்.

14 மணி நேரத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான் சவாரி!

சரண் வாயைப் பிளந்தான். "அப்போ, க்யூ சின்னதா இருக்கற நேரத்துல போகணும், இல்லையா தாத்தா?"

அதுதான் விடை. திறந்த உடனே உள்ள முதல் இரண்டு மணி நேரத்தில் க்யூ குட்டையாக இருக்கும். மிகவும் பிடித்த இரண்டு மூன்று ரைடுகளை அப்போதே முடித்துவிட வேண்டும். எல்லாரும் சாப்பிடும் 12 மணிக்குச் சாப்பிடாமல், 11 மணிக்கே சாப்பிட்டுவிட வேண்டும். ஊர்வலமும் வாணவேடிக்கையும் நடக்கும்போது கூட்டம் அந்தப் பக்கம் ஓடும்; அப்போதும் ரைடுகளில் க்யூ குறையும்.

இன்னொன்று. முதல் நாள் இரவே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு ரைடு தேர்ந்தெடுங்கள். அது கட்டாயம். மீதி எல்லாம் கிடைத்தால் லாபம். எங்கள் வீட்டில் மீனுவுக்கும் இரண்டு ஓட்டு கொடுத்தோம். அவள் கேட்டது: பறக்கும் யானைக்குட்டி டம்போ, அப்புறம் ரயில். பூங்காவைச் சுற்றி நிஜ நீராவி எஞ்சின் ரயில் ஓடுகிறது. "இதெல்லாம் பேபி ரைடு" என்று கேலி செய்த சரண், அந்த ரயிலில் டைனோசர் பொம்மைகளைக் கண்டதும் ஜன்னலோரம் இடம் கேட்டான்!

க்யூவில் நிற்க ஒரு வித்தை

ஒவ்வொரு ரைடின் வாசலிலும் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கூடுதல் பணம் கட்டிச் சீக்கிரம் போகும் வழியும் உண்டு. நாங்கள் அதை வாங்கவில்லை. காத்திருந்தே பார்த்தோம்.

க்யூ நேராகப் போகாது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். ஏன்? நேராக நிறுத்தினால் அது பூங்காவுக்கு வெளியே போய்விடும். மடித்து விட்டால் சின்ன இடத்தில் அடங்கும். எதிரே வருபவர் முகம் மாறிக்கொண்டே இருப்பதால், நமக்கும் நகர்கிறோம் என்ற தெம்பு இருக்கும்.

இண்டியானா ஜோன்ஸ் என்ற ரைடு 1995ல் வந்தது. இதன் கதை எங்கே நடப்பதாக வைத்திருக்கிறார்கள் தெரியுமா? இந்தியாவில்! காட்டுக்குள் இருக்கும் ஒரு கற்பனைக் கோயில். அங்கே க்யூவே பாழடைந்த குகை வழியாகப் போகிறது. சுவர்களில் விசித்திரமான எழுத்துகள். வெறும் அலங்காரம் என்று நினைத்தேன். கூர்ந்து பார்த்தால், ஒவ்வொரு குறியும் ஓர் ஆங்கில எழுத்து! ரகசிய எழுத்து முறை. சரண் ஒரு நோட்டில் எழுதி எழுதி, இரண்டு வார்த்தைகளைக் கண்டுபிடித்துவிட்டான். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பையன், தலை குனிந்து மொபைலில் விளையாடிக்கொண்டே வந்தான். பாவம், அந்தச் சுவரை அவன் பார்க்கவே இல்லை.

சுவரில் எதுவும் இல்லாத க்யூவில் நாங்கள் சொல் விளையாட்டு ஆடினோம். ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். தமிழ் மட்டும்தான்! அமெரிக்காவில் பிறந்த சரண் முதலில் திணறினான். சாயங்காலத்துக்குள் என்னையே மடக்கினான்.

உயரக் கோல்

இனி முக்கியமான விஷயம்.

வேகமான ரைடுகளின் வாசலில் ஓர் அளவுகோல் நிற்கும். அதைவிடக் குட்டையாக இருந்தால் ஏற முடியாது. நாங்கள் போனபோது இருந்த சில அளவுகள் இதோ:

ஸ்பேஸ் மவுண்டன், பிக் தண்டர் மவுண்டன், ஸ்டார் டூர்ஸ் - 40 அங்குலம் (102 செ.மீ.)
மாட்டர்ஹார்ன் - 42 அங்குலம் (107 செ.மீ.)
இண்டியானா ஜோன்ஸ் - 46 அங்குலம் (117 செ.மீ.)

அளவுகள் மாறலாம். போகும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வீட்டுக் கதவு ஓரமாக நின்று, ஷூ இல்லாமல் உயரம் அளந்துவிடுங்கள். வாசலில் போய் ஏமாற வேண்டாம்.

நாங்கள் அளக்க மறந்தோம். பிக் தண்டர் மவுண்டன் என்பது சுரங்கத்து ரயில் மாதிரி தடதடவென்று ஓடும் ரோலர் கோஸ்டர். வாசலில் மீனுவை நிறுத்தினால், கோலுக்கு ஓர் அங்குலம் கீழே அவள் தலை! ஊழியப் பெண் முட்டி போட்டு அமர்ந்து, அன்பாகத்தான் சொன்னார். மீனுவுக்கோ உதடு பிதுங்கிவிட்டது.

சரண் என் காதில், "தாத்தா, அவ ஷூவுக்குள்ள டிஷ்யூ பேப்பரை மடிச்சு வெச்சா என்ன?" என்றான்.

தங்கை மேல் பாசம்! ஆனால் நான் தலையாட்டி மறுத்தேன். அவனை ஓரமாக அழைத்துப் போய் விளக்கினேன்.

"பஸ் திடீர்னு வளைவுல திரும்பினா என்ன ஆகும்?"

"நாம ஒரு பக்கமா சாய்வோம்."

"ஏன்?"

"பஸ் திரும்புது. நம்ம உடம்பு நேராவே போகப் பார்க்குது."

"சபாஷ்! அதுக்குப் பேர் நிலைமம். நியூட்டனின் முதல் விதி. ரைடிலும் அதேதான். அங்க நம்மைப் பிடிச்சு வைக்கறது மடி மேல இறங்கற கம்பி. இருக்கையும் கம்பியும் இத்தனை உயரம் உள்ள உடம்புக்குன்னு செஞ்சது. மீனு ஷூவுக்குள்ள பேப்பர் வெச்சா கோலை ஏமாத்திடலாம். கம்பியை ஏமாத்த முடியுமா?"

சரண் பேசவில்லை. பிறகு, "வேண்டாம் தாத்தா" என்றான்.

குட்டீஸ், உயரக் கோல் உங்களை அவமானப்படுத்த நிற்கவில்லை. உங்களைக் காப்பாற்ற நிற்கிறது. வயதைக் கூட்டிச் சொல்லியோ, குதிகாலைத் தூக்கியோ அதை ஏமாற்றாதீர்கள். எந்த ஊர் பார்க்கிலும், சின்ன ராட்டினத்திலும்கூட இதுதான் பாடம். கம்பி சரியாக மாட்டியிருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை அசைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வண்டி கிளம்பும் முன் கையைத் தூக்கிச் சொல்லுங்கள். ஓடும்போது எழுந்து நிற்கவோ, கையை வெளியே நீட்டவோ கூடாது. கண்ணாடி, தொப்பி, மொபைல் எல்லாம் பத்திரம். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு ரோலர் கோஸ்டரில் ஏறவும் வேண்டாம்!

பயமாக இருந்தால், "எனக்கு வேண்டாம்" என்று சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும். அப்படிச் சொல்பவரைக் கேலி செய்யக் கூடாது.

மாப்பிள்ளையும் சரணும் ரைடுக்குப் போக, மகளும் நானும் மீனுவோடு நின்றோம். இங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. குழந்தையோடு ஒருவர் காத்திருந்தால், முதலில் போனவர் திரும்பி வந்ததும், காத்திருந்தவர் மறுபடி நீண்ட க்யூவில் நிற்காமல் போய் வரலாம். வாசலில் இருக்கும் ஊழியரிடம் முன்பே கேட்க வேண்டும்.

மீனுவுக்கு ஏற்ற ரைடுகளும் ஏராளம். கடற்கொள்ளையர் படகுச் சவாரி, யானைக் கூட்டம் குளிக்கும் காட்டு ஆற்றுப் பயணம், பல நாட்டுக் குழந்தைப் பொம்மைகள் பாடும் படகுச் சவாரி... இவற்றுக்கெல்லாம் உயரக் கணக்கு இல்லை. கடைசியில் அழுதவள் அவள் இல்லை. பொம்மைகளை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே நின்ற அவளை இழுத்துக்கொண்டு நடந்த நாங்கள்தான்!

கண்ணை ஏமாற்றும் கோட்டை

எல்லாரும் போட்டோ எடுக்கும் கோட்டை ஒன்று நடுவில் இருக்கிறது. தூங்கும் அழகியின் கோட்டை. பார்த்தால் வானைத் தொடும் போலத் தெரியும். உண்மையான உயரம் 77 அடிதான்.

எப்படி இந்த மாயம்? கீழே உள்ள கற்கள் பெரியவை. மேலே போகப் போகக் கற்கள் சிறியதாகிக்கொண்டே போகும். தூரத்தில் உள்ள பொருள் சின்னதாகத் தெரியும் என்பது நம் கண்ணுக்குப் பழக்கம். அதனால் மேலே உள்ள சின்னக் கற்களைப் பார்த்ததும், "அடேயப்பா, எவ்வளவு உயரம்!" என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. வாசல் தெருவில் உள்ள கடைகளின் மாடிகளும் இப்படித்தான். மேல் மாடி கீழ்த்தளத்தைவிடச் சின்னது.

மாட்டர்ஹார்ன் என்ற பனிமலையும் பாருங்கள். சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் உள்ள நிஜ மலையின் நகல். நிஜத்தின் நூறில் ஒரு பங்கு, 147 அடி. 1959ல் இதற்குள் அமைத்த ரோலர் கோஸ்டர்தான், குழாய் வடிவ இரும்புத் தண்டவாளத்தில் ஓடிய உலகின் முதல் ரோலர் கோஸ்டர். இன்று உலகெங்கும் ரோலர் கோஸ்டர்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றனவே, அவற்றுக்கு இதுதான் பாட்டி!

ஸ்பேஸ் மவுண்டனில் இன்னொரு தந்திரம். ராக்கெட் வேகத்தில் பறப்பது போல இருக்கும். நிஜத்தில், நெடுஞ்சாலை பஸ்ஸின் வேகம்கூட இல்லை. கும்மிருட்டில் ஓடுவதால், அடுத்த வளைவு எங்கே என்று தெரியாமல் வயிறு கலங்குகிறது. வெளியே வந்த சரணிடம் இதைச் சொன்னேன். "முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டான்.

காணாமல் போன 42வது தலை

இப்போது, நான் ஏன் தலை எண்ணினேன் என்ற கதை.

பல ஆண்டுகளுக்கு முன், நம் ஊரில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 42 பேரை ஒரு பார்க்குக்குச் சுற்றுலா அழைத்துப் போனேன். எந்தப் பார்க் என்பது வேண்டாம். தவறு அவர்களுடையது அல்ல. காலையில், "எல்லாரும் ஒன்றாகவே இருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு பஸ்ஸில் ஏற்றி எண்ணினேன்.

41.

மறுபடி எண்ணினேன். 41.

என் கால்கள் துவண்டுவிட்டன. குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பையனைக் காணோம். நானும் இன்னோர் ஆசிரியரும் ஒவ்வொரு ராட்டினமாக ஓடினோம். இருபத்தைந்து நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபத்தைந்து நிமிடத்தை நான் கண்டதில்லை. அவன் அம்மாவிடம் என்ன பதில் சொல்வேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

கடைசியில், பார்க்கைப் பெருக்கும் ஓர் அம்மா அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். "அழுதுகிட்டே இங்கயும் அங்கயும் ஓடிச்சு சார். நான்தான் புடிச்சு உட்கார வெச்சு, வாட்ச்மேன்கிட்ட சொல்லி அனுப்பினேன்" என்றார். நாங்கள் அவனைத் தேடி ஓட, அவன் எங்களைத் தேடி ஓட, ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம்!

என்னைப் பார்த்ததும் குமார் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"சார், திட்டுவீங்களா?"

பிறகுதான் தெரிந்தது. வழி தவறியதும், அவன் பக்கத்திலேயே இரண்டு காவலர்கள் நின்றிருக்கிறார்கள். சொன்னால் சாரிடம் மாட்டிக்கொள்வோம், சார் அடிப்பார் என்று பயந்து, அவர்களிடம் வாய் திறக்கவே இல்லை.

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. அவன் தொலைந்தது அவன் தவறு இல்லை. தொலைந்தால் என்ன செய்ய வேண்டும், எங்கே சந்திக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உதவி கேட்கக்கூடப் பயப்படும்படி நான் நடந்துகொண்டிருக்கிறேன். அன்று நான் அவனைத் திட்டவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்தச் சுற்றுலாவிலும், பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே மாணவர்களிடம் மூன்று விஷயம் சொல்வேன். டிஸ்னிலேண்டு வாசலில் சரணிடமும் மீனுவிடமும் சொன்னது அதைத்தான்.

1. வழி தவறினால் ஓடாதே. நின்ற இடத்திலேயே நில். தேடும் வேலை பெரியவர்களுடையது.

2. சட்டையில் பெயர் வில்லை குத்தியிருக்கும் ஊழியரிடம் போய்ச் சொல். டிஸ்னிலேண்டில் அந்த வில்லையில் அவர் பெயரும், அவர் சொந்த ஊரும் எழுதியிருக்கும். தொலைந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி இடமே அங்கே உண்டு. யார் கூப்பிட்டாலும் பூங்காவை விட்டு வெளியே போகாதே.

3. யாரும் திட்ட மாட்டோம். இது சத்தியம். உடனே சொல்.

பெரியவர்களே, இந்த மூன்றாவது வாக்கை நீங்களும் உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

இதோடு, காலையிலேயே குழந்தைகளை ஒரு போட்டோ எடுத்தோம். அன்று என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் மறந்துவிடும் அல்லவா? அம்மாவின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி, இருவர் பையிலும் வைத்தோம். நாங்கள் பிரிந்து போக நேர்ந்தால் சந்திக்க ஓர் இடமும் குறித்தோம். அதைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும்.

ஜன்னலில் ஒரு விளக்கு

பூங்கா வாசலுக்குப் பக்கத்தில், பழைய கால தீயணைப்பு நிலையம் மாதிரி ஒரு கட்டடம். அதன் மாடியில் வால்ட் டிஸ்னியும் அவர் குடும்பமும் தங்க ஒரு சின்ன வீடு இருந்தது. அவர் நினைவாக, இன்றும் அந்த ஜன்னலில் ஒரு விளக்கு எரிகிறது. "விளக்கு எரியற ஜன்னலுக்குக் கீழே" என்பதுதான் நாங்கள் குறித்த இடம். நான்கு வயது மீனுவுக்கும் அது மறக்காது.

இரவு வாணவேடிக்கை முடிந்தது. மகளும் மாப்பிள்ளையும் சரணோடு கடைசி ரைடுக்குப் போயிருந்தார்கள். தூங்கி வழியும் மீனுவைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றேன். கூட்டம் வெள்ளமாக வாசலை நோக்கிப் போனது. அந்த வெள்ளத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு! எல்லாரும் இருக்கோம் தாத்தா!"

இந்த முறை எண்ணியவன் சரண்.

இன்னொரு செய்தி. மகள் வீட்டுக் கதவில் மீனுவின் உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்தேன். சமீபத்தில் வீடியோ காலில் அவள் புதுக் கோட்டைக் காட்டினாள். 40 அங்குலத்தைத் தாண்டிவிட்டாள்! "தாத்தா, ஷூ போடாமதான் அளந்தோம்" என்றாள்.

குட்டீஸ், அடுத்த லீவில் நீங்கள் எந்தப் பூங்காவுக்குப் போனாலும், உள்ளே நுழையும் முன் உங்கள் குடும்பத்துக்கும் ஒரு 'விளக்கு ஜன்னல்' குறித்துக்கொள்ளுங்கள். தலை எண்ணும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பையில் இருக்கிறதா? சரிபாருங்கள்!

* பெற்றோர் போன் நம்பர் எழுதிய சீட்டு
* தண்ணீர் பாட்டில் (கண்ணாடி வேண்டாம்)
* தொப்பி, ஸ்வெட்டர்
* பழகிய ஷூ, மாற்று சாக்ஸ்
* ஆளுக்கு இரண்டு ரைடு எழுதிய பட்டியல்
* சின்ன நோட்டு, பென்சில் (ரகசிய எழுத்துக்கு!)
* கொஞ்சம் பொறுமை. இது மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும்!